இசை மருந்தாகுமா? ஆலிவர் சாக்ஸின் நூலை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இசைக்கு நோய் தணிக்கும் ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. சவுல் அரசரின் மனத்துயரைத் தாவீதின் யாழ் தணித்ததாகச் சாமுவேல் முதல் நூல் கூறுகிறது. இத்தகைய செய்திகளை மேடையில் எடுத்துரைப்பது எளிது, கேட்போரும் மகிழ்வர். ஆனால், வலக்கையும் வலக்காலும் விழுந்து, வாய் பேச இயலாமல் கட்டிலில் கிடக்கும் ஒருவரின் மனைவியோ மகனோ, "பாட்டுப் போட்டால் இவருக்குக் குணமாகுமா?" என்று கேட்கும்போது மேடைப் பேச்சு உதவாது. அக்கேள்விக்கு அளவோடும் உண்மையோடும் விடை சொல்ல வேண்டும். மிகுத்துச் சொன்னால் பொய்யான எதிர்பார்ப்பை விதைத்தவர்களாவோம். குறைத்துச் சொன்னாலோ, கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கும் ஓர் உதவியை நோயாளியிடமிருந்து பறித்தவர்களாவோம்.

இக்கேள்வியை மனத்தில் கொண்டு, நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய 'மியூசிகோபிலியா' என்னும் நூலை இங்கு மதிப்பிட முற்படுகிறோம். இருபத்தொன்பது அதிகாரங்களைக் கொண்ட அந்நூல் முழுவதையும் பற்றிப் பேச இடம் போதாது. பக்கவாதத்தால் பேச்சிழந்தோரைப் பற்றி அது கூறுவதையும், கூறாமல் விடுவதையும் மட்டும் நோக்குவோம்.

நூலின் பெருமை

சாக்ஸ் 1933-இல் இலண்டன் மாநகரில் பிறந்தவர். நியூயார்க்கில் நெடுங்காலம் மருத்துவப் பணியாற்றி 2015-இல் மறைந்தார். 1973-இல் வெளிவந்த 'அவேக்கனிங்ஸ்' என்னும் நூல் அவருக்குப் பெரும் புகழ் ஈட்டித் தந்தது. 2007-இல் வெளிவந்த 'மியூசிகோபிலியா', இசைக்கும் மூளைக்கும் உள்ள உறவை நோயாளிகளின் வாழ்க்கை வழியாகக் காட்டுகிறது. மின்னல் தாக்கிய பின்னர்ப் பியானோ இசையில் தணியாத வேட்கை கொண்ட ஓர் அறுவை மருத்துவர் அதில் வருகிறார். சில நொடிகளுக்கு மேல் எதையும் நினைவில் கொள்ள இயலாத நிலையிலும், பாடகர் குழுவைத் தடுமாற்றமின்றி நடத்திச் சென்ற இசைஞர் ஒருவரும் வருகிறார்.

பேச்சிழந்தோரைப் பற்றிய அதிகாரத்தில் நம் நெஞ்சைத் தொடுபவர் அறுபதுகளின் இறுதியில் பக்கவாதத்துக்கு ஆளான ஒருவர். தீவிரமான பேச்சுப் பயிற்சி அளித்தும் ஈராண்டுகள் ஒரு சொல்லும் அவர் வாயில் வரவில்லை. ஒருநாள் இசைச் சிகிச்சையாளர் ஒருவர், தம் அறைக்கு வெளியே அவர் ஒரு பழைய பாடலை முணுமுணுப்பதைக் கேட்கிறார். மெட்டு பிசகவில்லை, உணர்ச்சியும் குறையவில்லை, சொற்கள் மட்டும் இரண்டோ மூன்றோதான் வந்தன. அதன்பின் வாரம் மும்முறை, அரை மணி நேரம், அச்சிகிச்சையாளர் அக்கார்டியன் இசைத்து அவரோடு சேர்ந்து பாடுகிறார். விரைவிலேயே அப்பாடலின் சொற்கள் அனைத்தும் திரும்பின. இரண்டு மாதங்களுக்குள், கேட்ட கேள்விக்குப் பொருத்தமான சிறுசிறு விடைகளும் வரலாயின.

இந்நிகழ்ச்சியைக் கூறும்போது சாக்ஸ் ஒரு மருத்துவ உண்மையோடு மனித உண்மையையும் சேர்த்தே கூறுகிறார். பேச்சிழந்தவரைச் சுற்றியிருப்போர் அறிவிழந்தவராகவே நடத்திவிடுகின்றனர். அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றிப் படர்க்கையில் பேசுவதை எத்தனையோ இல்லங்களில் நாம் காண்கிறோம். ஒரு பாட்டு அவர் வாயிலிருந்து முழுமையாக வெளிவரும்போது, உள்ளே ஒரு முழு மனிதர் இருக்கிறார் என்பது அவருக்கும் உறுதியாகிறது, மற்றவர்க்கும் புலனாகிறது. இதை உணர்த்துவதில் சாக்ஸுக்கு இணையாக எழுதியோர் மிகச் சிலரே. மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் பெருகிய காலத்தில், நோயாளியை அருகிருந்து கூர்ந்து நோக்கும் எளிய கலை அழிந்துவிடலாகாது என்று நூலின் முன்னுரையிலேயே அவர் கவலை தெரிவிக்கிறார். அக்கவலை இன்று முன்னிலும் பொருத்தமானது.

நூலின் குறை

எனினும், இந்நூல் வாசகரை ஒரு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, கதைகளின் தேர்வு. வியப்புக்குரிய நோயாளியே கதைக்குரிய நோயாளி ஆகிறார். பாடியும் பேச்சு திரும்பாதவர், இசையால் சற்றே ஆறுதல் பெற்றவர் ஆகியோருக்குக் கதையில் இடமில்லை. நூலை மூடிவைத்த வாசகர் மனத்தில் அரிய நிகழ்ச்சியே பொது விதியாக நின்றுவிடுகிறது.

இரண்டாவது, அந்த அதிகாரத்தின் மையம் பாடுதலேயன்றிக் கேட்டல் அன்று. அங்கே ஓர் இசைச் சிகிச்சையாளர் இருக்கிறார். கால ஒழுங்கு இருக்கிறது. இருவருக்கிடையே ஓர் உறவு வளர்கிறது. அவ்வுறவின் இன்றியமையாமையைச் சாக்ஸே வலியுறுத்துகிறார். ஆனால், வாசகர் பலர் இவற்றையெல்லாம் மறந்து, 'இசை பேச்சைத் திருப்பித் தரும்' என்னும் ஒற்றை வரியையே எடுத்துக்கொள்கின்றனர். ஒலிப்பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த அறைக்குச் செல்லும் பழக்கம் இவ்வாறே பிறக்கிறது.

மூன்றாவது, அவர் முன்வைக்கும் விளக்கம். பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடம் மூளையின் இடப்பக்கம். அப்பக்கம் பழுதுறும்போது, பாட்டின் மெட்டு வலப்பக்கத்தைத் தூண்டிப் பேச்சுக்கு மாற்றுவழி திறக்கிறது என்பது அவ்விளக்கத்தின் சாரம். சொற்களை மெட்டோடு இழுத்துச் சொல்லப் பழக்கும் சிகிச்சை முறை 1973-இலேயே அமெரிக்க மருத்துவ ஏட்டில் வெளியிடப்பட்டது. அதன் அடிப்படையும் இக்கருத்தே. ஆனால் ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள், பேச்சிழந்த 17 பேரைப் பாடவும், தாளத்தோடு சொல்லவும், தாளமின்றிச் சொல்லவும் செய்து ஒப்பிட்டு, 2011-இல் முடிவுகளை வெளியிட்டனர். மெட்டைவிடத் தாளமும், நெடுநாள் பழகிய சொற்றொடர்களுமே மிகுதியாக உதவின என்பது அவர்கள் கண்டது. ஆகவே, மெட்டின் மாயம் என்று நாம் எண்ணியதில் ஒரு பகுதி மனப்பாடத்தின் வலிமையே.

இவ்வுண்மைக்குப் பழைய சான்றும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டு எழுத்தாளர் ஓலோப் டாலின் ஒருவரைப் பற்றிக் குறிப்பெழுதி வைத்தார். வலப்பக்கம் முழுதும் செயலிழந்து பேச்சும் போன அம்மனிதர், நோய்க்கு முன் கற்ற திருப்பாடல்களை நல்ல உடல்நலம் உடையவர் போலத் தெளிவாகப் பாடினார். சில செபங்களையும் தாள ஒழுங்கோடு சொன்னார். நோயுற்றோரைச் சந்திக்கும் குருக்களுக்கும் இது புதிய செய்தியன்று. ஒரு சொல்லும் வராதவர், சுற்றி நிற்போர் ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தொடங்கியதும் உடன் சேர்ந்து சொல்வதுண்டு. வீட்டார் கண்ணீர் மல்கி, பேச்சு வந்துவிட்டது என்பர். ஆனால் செபம் சொன்ன அதே வாய், அடுத்த நிமிடம் தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாமல் தவிக்கும். மனப்பாடமாக வருவது வேறு. நினைத்ததைச் சொல்வது வேறு. இந்த வேறுபாட்டை அறியாத அன்பு, சில நாள்களிலேயே ஏமாற்றமாக மாறிவிடுகிறது.

இசையும் மொழியும் மூளையில் ஒரே பாதையில் செல்வதில்லை என்பதற்குப் பிரான்சு நாட்டு ஆர்கன் இசைஞர் ஜான் லாங்லே மறக்கவியலாச் சான்று. இரண்டு வயதில் பார்வையிழந்த அவர், பாரிசில் உள்ள புனித குளோத்தில்து பேராலயத்தில் 1945 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆர்கன் இசைத்தவர். 1984-இல், தமது 77-ஆம் வயதில், மூளையின் இடப்பக்கம் தாக்குண்டு பேச்சு நிலைகுலைந்தார். பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்துகளையும் அவரால் படிக்கவோ எழுதவோ இயலவில்லை. ஆனால் பிரெய்ல் இசைக்குறிகளை அவரால் படிக்க முடிந்தது. எழுத்துக்கும் இசைக்குறிக்கும் அடிப்படை அதே ஆறு புள்ளிகள்தாம். விரல் தொட்ட புள்ளிகள் எழுத்தாக நின்றபோது ஊமையாயின. இசையாக நின்றபோது பேசின. அவர் தொடர்ந்து ஆர்கன் இசைத்தார். புதிய இசைப்படைப்புகளையும் இயற்றினார். 1987-இல் பிரெஞ்சு நரம்பியல் ஏடு ஒன்று இதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது.

ஆயினும் லாங்லே வாழ்நாளெல்லாம் இசையில் தோய்ந்தவர். இசை கற்காத, மேடையேறாத, வயலிலும் அலுவலகத்திலும் உழைத்து ஓய்ந்த சாதாரண மனிதருக்கு இசை என்ன செய்யும்? சாக்ஸின் இந்த அதிகாரம் அக்கேள்விக்கு விடை தரவில்லை. அதற்கு நாம் பின்லாந்துக்குச் செல்ல வேண்டியுள்ளது.

ஹெல்சிங்கி தரும் சான்று

சாக்ஸின் நூல் வெளிவந்த சில மாதங்களில், 2008-இன் தொடக்கத்தில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டெப்போ சார்க்காமோவும் அவர்தம் குழுவினரும் 'பிரெய்ன்' என்னும் மருத்துவ ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூளையின் நடுத் தமனி அடைபட்டுப் பக்கவாதம் கண்ட 60 பேரை அவர்கள் சேர்த்துக்கொண்டனர். இறுதிவரை தொடர்ந்தோர் 54 பேர். நோயாளிகள் சீட்டுக் குலுக்கியது போல மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது இசை கேட்டனர். மற்றொரு குழுவினர் ஒலிவடிவில் நூல்களைக் கேட்டனர். மூன்றாம் குழுவினருக்கு எதுவும் தரப்படவில்லை. இவ்வாறு இரண்டு மாதங்கள் நடந்தன. வழக்கமான மருத்துவமும் பயிற்சியும் மூன்று குழுவினருக்கும் பொதுவாகவே அளிக்கப்பட்டன.

நோய் தாக்கிய முதல் வாரத்தோடு ஒப்பிடுகையில், மூன்று மாத முடிவில் சொற்களை நினைவில் கொள்ளும் திறன் இசை கேட்டோரிடம் 60 விழுக்காடு உயர்ந்தது. நூல் கேட்டோரிடம் 18 விழுக்காடும், எதுவும் கேளாதோரிடம் 29 விழுக்காடும் உயர்ந்தது. கவனத்தை ஒன்றில் நிறுத்தும் திறன் இசை கேட்டோரிடம் 17 விழுக்காடு உயர்ந்தது. மற்ற இரு குழுக்களில் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. மேலும், எதுவும் கேளாதோரைவிட இசை கேட்டோரிடம் மனச்சோர்வும் குழப்பமும் குறைவாக இருந்தன. 2014-இல் அதே ஆய்வாளர்கள் நோயாளிகளின் மூளைப் படங்களை ஒப்பிட்டு, இசை கேட்டோரின் மூளை முன்பகுதியில் சாம்பல்நிறத் திசுவின் அளவு கூடியிருப்பதைக் காட்டினர்.

இந்த ஆய்வின் பெருமை அதன் எளிமையில் உள்ளது. இசை கேட்டவர்கள் பாடவில்லை. இசைப் பயிற்சியும் பெறவில்லை. தங்களுக்குப் பிடித்ததைக் கேட்டனர், அவ்வளவே. மின்னல் தாக்கிய மருத்துவரோ நாற்பதாண்டு ஆர்கன் இசைத்த மேதையோ அவர்களிடையே தேவைப்படவில்லை.

ஆனால் சாக்ஸின் நூலுக்குக் காட்டிய கண்டிப்பை இந்த ஆய்வுக்கும் காட்டுவதே முறை. பத்து வகை அறிவுத்திறன்கள் அளக்கப்பட்டன. இசையால் தெளிவான பயன் கண்டவை அவற்றுள் இரண்டே. கை கால் இயக்கம் இசை கேட்டதால் திரும்பியது என்று ஆய்வாளர்கள் கூறவில்லை. ஆய்வில் பங்கேற்றோரின் தொகையும் பெரிதன்று. இசை எவ்வழியில் பயன் தருகிறது என்பதற்கு அவர்கள் தரும் விளக்கங்களும் கருதுகோள்களே: மனத்துக்கு இனியதைக் கேட்கும்போது மூளையில் ஊறும் வேதிப்பொருள் விழிப்பையும் கவனத்தையும் கூட்டலாம்; பழுதுற்ற பகுதியைச் சூழ்ந்த இடங்கள் இசையால் தூண்டப்பெறலாம். மூளைக் காயமுற்றோருக்கான இசைச் சிகிச்சைகள் பற்றி 2017-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 775 பேர் பங்கேற்ற 29 ஆய்வுகளை எடைபோட்டது. நடையைச் சீராக்குவதில் தாள இசை பயன்படக்கூடும் என்று கூறியதோடு, ஆய்வுகளின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றும் அது அறிவுறுத்தியது. நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆரவாரத்துக்கு இடமில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே இணைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகர மருத்துவமனைகளில், பக்கவாதம் கண்ட முதல் இரு வாரங்களில் நோயாளிகள் பகல்பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர் என்று கணக்கெடுத்தனர். 2004-இல் வெளிவந்த அம்முடிவின்படி, பாதிக்கும் மேற்பட்ட நேரம் அவர்கள் படுக்கையிலேயே கிடந்தனர். 60 விழுக்காடு நேரம் அருகில் ஒருவருமின்றித் தனித்திருந்தனர். மூளை தன்னைச் சீர்செய்துகொள்ள முனையும் காலம் இந்தத் தொடக்க வாரங்களும் மாதங்களுமே. அப்பொழுதுதான் நோயாளி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். இசையின் உண்மையான இடம் இங்கே தெரிகிறது. மருத்துவரும் பயிற்சியாளரும் வந்துபோன பின் எஞ்சும் நீண்ட வெறுமையில், செலவின்றி, களைப்பின்றி, கட்டிலில் படுத்தபடியே பெறக்கூடிய உதவி அது.

எவருடைய பாட்டு?

சாக்ஸின் நூலும் ஹெல்சிங்கி ஆய்வும் இயல்பில் வேறானவை. முன்னதில் முகம் உண்டு, அளவு இல்லை. பின்னதில் அளவு உண்டு, முகம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. சாக்ஸ் காட்டும் நோயாளி பாடியது அவர் இளமையிலேயே அறிந்து நேசித்த பாடல். சிகிச்சையாளர் தாமாகக் கொண்டுவந்த பாடலன்று. ஹெல்சிங்கியில் இசைச் சிகிச்சையாளர் ஒவ்வொரு நோயாளியிடமும் உசாவி, அவரவர் விரும்பிய இசையைக் குறுந்தகட்டில் தேடிக் கொடுத்தார். எல்லாருக்கும் பொதுவான மருந்துப் பட்டியல் அங்கு இல்லை. ஒருவர் நாட்டுப்பாடல் கேட்டார். மற்றொருவர் ஜாஸ் கேட்டார். பெரும்பாலோர் சொற்களோடு கூடிய பாடல்களையே கேட்டனர். 2020-இல், ஹெல்சிங்கி ஆய்வோடு மற்றோர் ஆய்வையும் சேர்த்து 83 பேரின் விவரங்களை ஆராய்ந்தபோது, சொற்களை நினைவில் கொள்வதில் வாத்திய இசையையும் ஒலிநூலையும் விடப் பாடல்களே மிகுந்த பயன் தந்தமை தெரிந்தது. பேச்சிழந்தோரிடம் மொழித்திறன் மீள்வதற்கும் ஒலிநூலைவிடப் பாடல்கள் சிறப்பாக உதவின.

எனவே, 'எந்த இராகம் எந்த நோய்க்கு?' என்று தேடுவோரும், மொசார்ட்டின் இசை அறிவை வளர்க்கும் என்று விற்போரும் தவறான கேள்வியைக் கேட்கின்றனர். 'இவருடைய பாட்டு எது?' என்பதே சரியான கேள்வி. இதற்கு விடை மருத்துவ நூலில் கிடைக்காது. மனைவிக்குத் தெரியும், பழைய நண்பருக்குத் தெரியும், சில வேளைகளில் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போயிருக்கும். தந்தை எந்தப் பாடலைக் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார் என்பதை அறியாத பிள்ளைகள், அவர் பேச்சிழந்த பின்னராவது அதைத் தேடிக் கண்டறியக் கடமைப்பட்டவர்கள். அது திருப்பாடலாகவும் இருக்கலாம். தெருக்கூத்துப் பாடலாகவும், பழைய திரைப்பாடலாகவும் இருக்கலாம். நமது பத்தியை அவர்மீது சுமத்தலாகாது. எது வேண்டும் என்று சொல்ல இயலாதவரிடமும் கேட்டறிய வழியுண்டு. ஒன்றை ஒலிக்கச் செய்து, அவர் கண்ணையும் விரலையும் கவனித்தால் போதும்.

நிறுத்தும் உரிமையும் அவருக்கே உரியது. தாவீதின் யாழ் சவுலுக்கு ஆறுதல் தந்ததை நினைவில் வைத்திருக்கும் நாம், இரண்டு அதிகாரங்கள் கடந்து வரும் செய்தியை மறந்துவிடுகிறோம். அதே தாவீது அதே யாழை மீட்டிக்கொண்டிருந்தபோதே சவுல் அவர்மீது ஈட்டி எறிந்தார். ஒருநாள் ஆறுதலான இசை மறுநாள் வேதனையாகலாம். பக்கவாதம் கண்டோரில் சிலருக்கு இரைச்சல் பொறுக்காது. சிலருக்கு இசையே பொருளற்ற ஓசையாகிவிடுவதும் உண்டு. காலை முதல் இரவு வரை ஒலித்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியை இசைச் சிகிச்சை என்று எண்ணிவிடலாகாது. கேட்க ஒரு நேரம், அமைதிக்கு ஒரு நேரம் என்னும் ஒழுங்கு வேண்டும்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். முகம் கோணி, கை தளர்ந்து, நாக்குக் குழறினால், அந்த நிமிடமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏறத்தாழ நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயனுண்டு. அதன்பின் உடற்பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் இன்றியமையாதவை. இசை அவற்றின் துணை, மாற்று அன்று. ஹெல்சிங்கியில் இசை கேட்டோர் அனைவரும் இவற்றையும் பெற்றவர்களே.

மீண்டும் நூலுக்கு வருவோம். 'மியூசிகோபிலியா' மருத்துவ வழிகாட்டி அன்று. அவ்வாறு வாசிப்போர் ஏமாறுவர். நோயாளியை மனிதராகக் காணக் கற்பிக்கும் நூல் என்று வாசிப்போர் நிறைவான பயன் பெறுவர். அதனை ஹெல்சிங்கி ஆய்வின் எண்களோடு சேர்த்து வாசித்தால், முதலில் எழுப்பிய கேள்விக்கு நேர்மையான விடையைச் சொல்லலாம். "பாட்டுப் போட்டால் குணமாகுமா?" என்று கேட்கும் அந்த மகனிடம், "முழுக் குணம் என்று வாக்களிக்க இயலாது. நினைவும் கவனமும் சற்று விரைவில் மீளலாம், மனச்சோர்வு குறையலாம். தொடக்க மாதங்களில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், அவர் விரும்பும் பாட்டைக் கேட்கச் செய்யுங்கள். முடிந்தால் நீங்களும் உடனிருந்து கேளுங்கள்" என்று சொல்லலாம். இவ்விடை சிறியதுதான். ஆனால் இன்று மாலையே அவர் வீடு திரும்பிச் செய்யத்தக்கது.